இறந்தகால எச்சங்கள்

பிழை திருத்துவது எங்கள் தொழில். கணவனும் மனைவியுமாக ஒரே கல்லூரியில், ஒரே துறையில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் கற்பித்துவருகிறோம். அகமதிப்பீட்டுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டுகள் எங்கள் வீட்டு உணவுமேசை வரை வந்துவிடும். ஒற்று மிகுந்த இடம், மிகாத இடம், லகர ளகர மயக்கம் என்று சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொண்டே இருப்போம். அப்படிப்பட்ட எங்களுக்கு, நாற்பத்தைந்தைக் கடந்த பிறகு, எங்கள் பிழைகளை இன்னொருவர் திருத்தும் பேறு சென்ற ஆண்டு வாய்த்தது. நாங்கள் ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கினோம்.

ஏன் ஸ்பானியம் என்று கேட்காத நண்பர் இல்லை. காரணம் எளியது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் முதுகலை படித்த காலத்தில், பலர் கைமாறி அட்டை கிழிந்து எங்களிடம் வந்துசேர்ந்த சிற்றிதழ்களில்தான் போர்ஹேசையும் ருல்ஃபோவையும் மார்க்கேசையும் முதன்முதலாகச் சந்தித்தோம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தவை. இரண்டு ஆறுகளைக் கடந்து வந்த அந்தப் பிரதிகளின் ஊற்றுக்கண்ணை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அன்றே விழுந்துவிட்டது. வேலை, குழந்தைகள், வீட்டுக்கடன் எல்லாம் கடந்து அதற்கு வேளை வர இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

சனிக்கிழமை மாலைகளில் கணினித் திரையில் வந்து பாடம் நடத்துகிறவர் ஆந்தலூசியாவைச் சேர்ந்த ஓர் அம்மையார். தொடக்கப்பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர். நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அதே பொறுமையோடு எங்களுக்கும் கற்பிக்கிறார். சில மாதங்கள் கழித்து இறந்தகால எச்சத்துக்கு வந்தோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

விதி மிகச் சிறியது. ஸ்பானிய வினைச்சொற்கள் ஆர், ஏர், ஈர் என்னும் மூன்று ஈறுகளில் ஒன்றைக் கொண்டு முடியும். பேசுதல் அப்லார், உண்ணுதல் கொமேர், வாழ்தல் பிபீர். ஆர் ஈற்றை நீக்கி 'ஆதோ' சேர்த்தால் அப்லாதோ. மற்ற இரண்டு ஈறுகளையும் நீக்கி 'ஈதோ' சேர்த்தால் கொமீதோ, பிபீதோ. அவ்வளவுதான். இருத்தலைக் குறிக்கும் சேர், போதலைக் குறிக்கும் ஈர் ஆகிய இரண்டும் பிற காலங்களில் அடையாளம் தெரியாமல் உருமாறுகிறவை. அவைகூட இங்கே சீதோ, ஈதோ என்று பணிவாக விதிக்குள் வந்து அமர்ந்துவிடுகின்றன. த், ட், ற், இன் என்று நன்னூலார் வகுத்த இறந்தகால இடைநிலைகளை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விக்கிற எங்களுக்கு, இந்த எளிமை கொஞ்சம் பொறாமையைக்கூடத் தந்தது.

பேச்சில் நிலைமை வேறு. எங்கள் ஆசிரியையின் வாயில் அந்தத் தகரம் நிற்பதே இல்லை. களைத்த என்னும் பொருள்தரும் கன்சாதோ, அவர் சொல்லும்போது கன்சாவ் ஆகிவிடும். எழுத்தில் மட்டும் தகரத்தை ஒருபோதும் விடமாட்டார். 'போய்விட்டான்' என்று எழுதிவிட்டு 'போயிட்டான்' என்று பேசுகிற நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வியப்பு வேறிடத்தில் இருந்தது. எழுதுதல் என்னும் வினையின் எச்சம் எஸ்கிரீத்தோ. இந்த ஒரே சொல், தமிழில் நாம் மூன்று பெயரிட்டு மூன்று பாடமாக நடத்துகிற வேலைகளைத் தான் ஒருவனாகச் செய்கிறது. பெயருக்குப் பக்கத்தில் நின்றால் எழுதிய, எழுதப்பட்ட என்று பெயரெச்சமாகிறது. அபேர் என்னும் துணைவினையோடு சேர்ந்தால், 'எழுதியிருக்கிறேன்' என்பதில் உள்ள 'எழுதி'யைப் போல வினையெச்சமாகிறது. தனியே நின்றால் எழுதப்பட்டது, அதாவது ஓர் எழுத்துப்படி என்று பெயராகவே ஆகிவிடுகிறது. உண்ணுதலின் எச்சமான கொமீதோ பெண்பாலில் கொமீதா ஆகி உணவைக் குறிப்பதும், சொல்லுதலின் எச்சமான தீச்சோ பழமொழியைக் குறிப்பதும் இப்படித்தான்.

பெயரோடு வரும்போது பாலும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. கடிதத்தைக் குறிக்கும் கார்த்தா பெண்பாற்சொல். எனவே எழுதிய கடிதங்கள் என்றால் கார்த்தாஸ் எஸ்கிரீத்தாஸ். ஆனால் 'கடிதங்களை எழுதியிருக்கிறேன்' என்று சொல்லும்போது ஏ எஸ்கிரீத்தோ லாஸ் கார்த்தாஸ். எத்தனை கடிதமானாலும் எஸ்கிரீத்தோ அசையாது. அபேர் என்பதற்கு ஒரு காலத்தில் உடைமையாகக் கொண்டிருத்தல் என்பது பொருள். 'எழுதப்பட்ட கடிதங்களைக் கொண்டிருக்கிறேன்' என்ற பொருளில் தொடங்கிய தொடர் அது. இடைக்கால ஸ்பானியத்தில் எச்சம் கடிதத்தோடு ஒத்துப்போவதும் உண்டு. காலப்போக்கில் அபேர் தன் உடைமைப் பொருளை இழந்து வெறும் துணைவினையாகிவிட்டது; எச்சமும் உறைந்துவிட்டது. 1492-இல் முதல் காஸ்தீலிய இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா, இந்த உறைந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, இதற்குத் தனிச் சொல்வகையே வேண்டும் என்று கருதிப் பத்தாவதாக ஒன்றைச் சேர்த்தார். 'எழுதியிருக்கிறேன்' என்பதில் 'இரு' என்பது உட்கார்ந்திருப்பதையோ உளதாயிருப்பதையோ குறிக்கவில்லை என்று மாணவர்களுக்கு விளக்கத் திணறும் போதெல்லாம், இனி நெப்ரிஹாவை நினைத்துக்கொள்வோம்.

இலக்கணம் இப்படிப் பிடிபடத் தொடங்கியதும், பழகிய புத்தகத் தலைப்புகள் வேறுவிதமாகத் திறந்துகொண்டன. மார்க்கேசின் 1981-ஆம் ஆண்டு நாவலில் மரணம் 'முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது' என்பதைச் சொல்லும் அனுன்சியாதா, முவேர்த்தே என்னும் பெண்பாற்சொல்லுக்கு இசைந்து நிற்கும் ஓர் எச்சம். நெரூதா 1973-இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நினைவுக்குறிப்பு நூலின் தலைப்பில் உள்ள 'வாழ்ந்திருக்கிறேன்' என்பது ஏ பிபீதோ. எல்லாவற்றையும்விட எங்களை நிறுத்தி வைத்தது கொர்த்தாசாரின் சிறுகதை. 1946-இல் போர்ஹேஸ் நடத்திய இதழில் வெளிவந்த அக்கதையின் பெயர் காசா தொமாதா. கைப்பற்றப்பட்ட வீடு என்று பொருள். கைப்பற்றியது யார்? கதை முடியும்வரை தெரியாது. எச்சத்துக்கு எழுவாய் தேவையில்லை. செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு மட்டும் நம்முன் நிற்கிறது என்பதைச் சொல்லவே அது இருக்கிறது. அக்கதையின் அச்சம் முழுவதும் இரண்டாவது சொல்லின் இலக்கணத்தில் இருக்கிறது என்று, மூன்று முறை மொழிபெயர்ப்பில் படித்தபோது தெரியாதது, ஸ்பானியத்தில் தலைப்பைப் படித்த உடனே தெரிந்தது.

*

இனி விதிக்கு அடங்காதவை. உடைத்தல் ரோம்ப்பேர், விதிப்படி ரோம்ப்பீதோ வரவேண்டும், வருவதோ ரோத்தோ. செய்தல் அசேர், அதன் எச்சம் எச்சோ. சொல்லுதல் தெசீர், தீச்சோ. பார்த்தல் பேர், பீஸ்தோ. திறத்தல் அப்ரீர், அபியேர்த்தோ. இறத்தல் மொரீர், முவேர்த்தோ. வைத்தல் பொனேர், புவெஸ்தோ. எழுதுதலும் இந்தக் கூட்டம்தான்.

இவை வீம்புக்காக விதியை மீறுகிறவை அல்ல. இலத்தீனிலிருந்து நேரே நடந்து வந்தவை. ஃபாக்தும் என்பது எச்சோ ஆயிற்று. திக்தும் தீச்சோ ஆயிற்று. எட்டைக் குறித்த ஒக்தோ, ஓச்சோ ஆனதும் இதே ஒலிமாற்றத்தால்தான். இப்படி விதிக்கு அடங்காத எச்சங்கள் பழைய ஸ்பானியத்தில் இன்னும் பல இருந்தன. நாளடைவில் பலவற்றை 'ஆதோ'வும் 'ஈதோ'வும் விழுங்கிவிட்டன. அன்றாடம் எல்லோர் வாயிலும் புழங்கியவை மட்டும் தப்பின. செய், சொல், பார், வை, திற, எழுது, இற: ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை முறை இவற்றைச் சொல்கிறான்! தமிழிலும் வா, தா, காண், சொல், போ என்று பிள்ளைகளைத் திணறடிப்பவை அன்றாடச் சொற்களே. புழக்கம்தான் அவற்றின் காப்பு.

விழுங்கப்பட்டவற்றுள் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பிறத்தலுக்கு இன்று நசீதோ என்பது எச்சம். பழைய வடிவம் இலத்தீன் வழி வந்த நாதோ, பெண்பாலில் நாதா. 'பிறந்த பொருள் எதுவும்' என்ற தொடரின் எச்சமாக எதிர்மறை வாக்கியங்களிலேயே ஓயாமல் வந்துகொண்டிருந்த அந்த நாதா, மெல்ல மெல்ல எதிர்மறையின் பொருளைத் தானே ஏற்றுக்கொண்டது. இன்று நாதா என்றால் ஸ்பானியத்தில் 'ஒன்றுமில்லை'. பிறந்தது என்று பொருள்பட்ட சொல் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட கதையை ஆசிரியை சொல்லி முடித்ததும் சற்றுநேரம் நாங்கள் பேசவில்லை.

பாடத்தை ஒப்பிக்கும்போது நாங்கள் எஸ்கிரீத்தோ என்று சொல்லாமல் எஸ்கிரிபீதோ என்று சொல்லிவிட்டோம். விதிப்படி சரி, வழக்கின்படி பிழை. நாற்பத்தைந்து வயதில் நாக்கைக் கடித்துக்கொண்டோம். அந்த அம்மையார் திருத்தவில்லை, மகிழ்ந்தார். "என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் தொடங்குவார்கள். ரோம்ப்பீதோ என்பார்கள், பொனீதோ என்பார்கள். பெரியவர்கள் யாரும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தந்திருக்க முடியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு அந்தப் பிழை வராது. விதியைத் தானே கண்டுபிடித்துவிட்ட பிள்ளைக்குத்தான் வரும்" என்றார்.

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். எஸ்கிரிபீதோ என்ற அந்தப் பிழைவடிவம் ஒரே ஒரு மரபுத்தொடரில் மட்டும் அகராதியில் இடம்பெற்றிருக்கிறதாம். லெயீதோ இ எஸ்கிரிபீதோ. முதற்சொல் படித்த என்னும் எச்சம். படித்த புத்தகம், படித்த மனிதர் என்று நாம் ஒரே பெயரெச்சத்தை இரண்டுக்கும் சொல்வதைப் போலவே, லெயீதோ என்பது புத்தகத்துக்கும் வரும், படிப்பாளிக்கும் வரும். அதோடு எஸ்கிரிபீதோவைச் சேர்த்து ஒருவரைச் சொன்னால், தம் கல்வியைக் காட்டிக்கொண்டு திரிகிறவர் என்று கேலி. பெரிய படிப்பாளி, அவர் எச்சமோ பிழை! அம்மையார் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் அன்றிரவு உணவுமேசையில் அமர்ந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகம் நினைவுக்கு வந்தது.

*

அது 2009-ஆம் ஆண்டு. கல்லூரி ஆண்டு மலருக்கு நாங்கள் இருவரும் பொறுப்பாசிரியர்கள். இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு கட்டுரை தந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள். வானம் பார்த்த நிலத்தில் கிணறு வெட்ட அவளுடைய அப்பா பட்ட பாட்டை எழுதியிருந்தாள். ஓரிடத்தில் வெட்டிப் பாறை கண்டு, மறுபடி ஓரிடத்தில் வெட்டி மண் சரிந்து, மூன்றாம் முறையாகக் கடன் வாங்கி. கட்டுரை முழுவதும் 'அப்பா முயற்சித்தார்' என்று வந்துகொண்டே இருந்தது. ஏழு இடங்கள். ஏழையும் வட்டமிட்டு, 'முயன்றார்' என்று மேலே எழுதினோம்.

மலர்க்குழு கூடியபோது, மற்ற மாணவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டினோம். முயல் என்பதுதான் வினைப்பகுதி, முயற்சி பெயர்ச்சொல், பெயரிலிருந்து இறந்தகால வினை எப்படி வரும் என்று கேட்டோம். அவள் எழுந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா முயற்சி பண்ணுனேன்னுதான் சொல்லுவாருங்கய்யா. பண்ணுனாருன்னு எழுதுனா பேச்சுவழக்குன்னு சொல்லுவீங்கன்னுதான் முயற்சித்தாருன்னு எழுதுனேன்."

"முயற்சித்தது போதும், இனிமேலாவது முயன்று பார்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர் சிரித்தார். யார் எது என்பது இங்கே தேவையில்லை. அறை முழுவதும் சிரித்தது. கூட்டம் முடிந்ததும் அவள் வந்து, செம்மைப்படுத்தித் தருவதாகச் சொல்லிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு தரவில்லை. அடுத்த ஆண்டும் தரவில்லை. தேர்வுகளில் தேர்ச்சி பெற்றாள், பட்டம் பெற்றாள், போய்விட்டாள்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ரோம்ப்பீதோ என்று சொல்லும் நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி ஒருவர் பேசக் கேட்டபோதுதான், அந்த மாணவி என்ன செய்திருந்தாள் என்பது எங்களுக்கு விளங்கியது. வாசி, வாசித்தார். யோசி, யோசித்தார். நேசி, நேசித்தார். முயற்சியும் அப்படியே 'சி' என்று முடிகிறது. முயல் என்பது அவள் வீட்டில் ஒரு விலங்கின் பெயர் மட்டுமே. வீட்டின் மொழி எழுத்துக்கு ஆகாது என்று நாங்களே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அதை நம்பி, எங்கள் மொழிக்கு ஏறி வருவதற்கு அவள் தானாக ஒரு படி செதுக்கியிருக்கிறாள். இலக்கணத்தின் கருவியைக் கொண்டே செதுக்கியிருக்கிறாள். அந்தப் படியில் கால் வைத்து நின்றவளைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

இதனால் பிழையென்று ஒன்றே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ரோம்ப்பீதோ என்று எழுதினால் ஸ்பானியத் தேர்வில் மதிப்பெண் குறையத்தான் செய்யும். முயன்றார் என்பதே எங்கள் செவிக்கு இன்றும் இனிக்கிறது. ஆனால் பிழைக்கும் வழக்குக்கும் நடுவிலுள்ள கோடு கல்லில் வெட்டியது அல்ல. அச்சிடுதலுக்கு இம்ப்ரேசோ என்ற பழைய எச்சமும் இம்ப்ரிமீதோ என்ற விதிப்படியான எச்சமும் உண்டு. பொரித்தலுக்கு ஃப்ரீத்தோவும் ஃப்ரெயீதோவும் உண்டு. 1713-இல் தொடங்கப்பெற்ற ஸ்பானிய அரச அகாதெமி இந்த இணைகளில் இரண்டையுமே சரியென்று ஏற்கிறது. பதிவுசெய்யப்பட்ட என்பதற்கு ஸ்பெயினில் இன்ஸ்கிரீத்தோ என்று எழுதும்போது அர்ஜென்டினாவில் இன்ஸ்கிரீப்தோ என்று எழுதுகிறார்கள், அதுவும் பிழையன்று. மொழி தனக்குள் இரண்டு வடிவங்களை அருகருகே வாழவிடும். அவற்றுள் ஒன்றைச் சொன்னவரை எழுப்பி நிறுத்திச் சிரிக்க வேண்டிய தேவை மொழிக்கு இல்லை. எங்களைப் போன்ற லெயீதோ இ எஸ்கிரிபீதோக்களுக்குத்தான் இருந்திருக்கிறது.

இப்போதும் திருத்துகிறோம். வட்டமிடுவதற்கு முன் இந்தப் பிழைக்குள் என்ன விதி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். பெரும்பாலும் ஒன்று இருக்கிறது.

*

அந்தப் பாடத்தின் இறுதியில், எச்சத்தைப் பயன்படுத்திச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதிவரச் சொன்னார் ஆசிரியை. நாங்கள் எழுதிச் சென்றது: 2009-இல் ஒரு மாணவியைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். நோஸ் எமோஸ் ரெயீதோ.

அவர் அதைப் படித்துவிட்டு, முடிந்துபோன ஓர் ஆண்டைக் குறிப்பிட்டால் ஸ்பெயினில் அபேர் வராது, எளிய இறந்தகாலம்தான் வரும் என்றார். 'இன்று', 'இந்த வாரம்', 'இந்த ஆண்டு' என்று இன்னும் மூடாத காலத்துக்குத்தான் அபேரும் எச்சமும். எங்கள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சற்று நிறுத்திவிட்டு, விலக்கும் உண்டு என்றார். தந்தை காலமாகி ஈராண்டு ஆன பிறகும் 'இறந்திருக்கிறார்' என்ற வடிவத்திலேயே சிலர் சொல்வார்களாம். சொல்பவருக்கு அது இன்னும் முடியவில்லை என்றால் இலக்கணம் இடம் தருகிறது. "உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்டார். நாங்கள் ஆண்டை அடித்துவிட்டு எச்சத்தை வைத்துக்கொண்டோம்.

பழைய மாணவர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருந்த எண்ணை அழைத்துப் பார்த்தோம். அது இப்போது வேறு யாருடையதோ. கட்டுரையின் படி எங்களிடம் இல்லை. மூன்றாவது கிணற்றில் தண்ணீர் வந்ததா என்பதை அவள் கடைசிப் பத்தியில் கட்டாயம் எழுதியிருப்பாள். பிழைகளை வட்டமிட்டுக்கொண்டிருந்த நாங்கள் அதைப் படித்ததாக நினைவில்லை.